கோழிப் பண்ணைகளில் பற்றீரியா தின்னிகள்: திருகோணமலை மாவட்டம் கவனத்திற் கொள்ள வேண்டியவை

திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிச் சீனக்குடாவில் அமைந்துள்ள பிரிமா மா ஆலையில் கோதுமை அரைக்கப்படும்போது மிஞ்சும் தவிடு கால்நடைத் தீனியாகின்றது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களின் நெல்லைக் குற்றும் ஆலைகளில் குவியும் உமி கோழிக் கூடுகளின் தரையில் விரிக்கப்படுகின்றது. அக்கூடுகளிலிருந்து வாரி எடுக்கப்படும் எரு தோட்டக் காணிகளுக்கும் வயல்களுக்கும் செல்கின்றது. மாரி மழையோடு அதன் ஒரு பகுதி வாய்க்கால்களிலும் களப்புகளிலும் கலந்து, ஈற்றில் மகாவலி கடலோடு சேரும் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. நாட்டின் கோழி வளர்ப்புத் தொழிலின் கேந்திரம் வடமேல், மேல் மாகாணங்களே என்பது உண்மைதான். எனினும் துறைமுகம், வயல், தோட்டம், கடல் ஆகிய நான்கையும் ஒரு கோழிக் கூடு இவ்வாறு இணைப்பதை நமது மாவட்டத்தைப் போல வெளிப்படையாக வேறிடங்களிற் காண்பது அரிது.

இதே வழியில் இன்னொன்றும் பயணம் செய்கின்றது. கோழிக்குக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் கணிசமான பகுதி உடலில் மாற்றமடையாமலே எச்சத்துடன் வெளியேறுகின்றது. அம்மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களும் அதனோடு வெளியேறுகின்றன. தீனி வந்த வழியையும் எரு போகும் வழியையும் அறிந்த நாம், இவை போகும் வழியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

கூட்டில் நாலைந்து கோழிகள் தலை தொங்கிச் சுருண்டு கிடந்தால் வளர்ப்பவர் முதலில் நாடுவது பெரும்பாலும் தீனிக் கடையைத்தான். தண்ணீரிற் கலக்கும் தூள் ஒரு பொட்டலம் கிடைக்கின்றது. நோய் எதுவென்று கேட்பாரில்லை. ராணிக்கெட் நோயும் கம்போரோ நோயும் வைரசினால் வருபவை, இரத்தக் கழிச்சல் ஒருகல நுண்ணுயிரான கொக்சிடியாவினால் வருவது, சல்மனெல்லா, ஈ.கோலி ஆகியவை பற்றீரியாக்கள். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. ராணிக்கெட் கண்ட கூட்டில் ஊற்றப்படும் நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் வீண்செலவே. அதைவிட மோசம் என்னவெனில், செத்துப் போகாத கோழிகளின் குடலிலுள்ள பற்றீரியாக்களுக்கு அம்மருந்தைத் தாங்கி வாழ அது பயிற்சி கொடுத்துவிடுகின்றது.

கோழிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் என்ரோபுளொக்சசின் எனும் மருந்தை எடுத்துக் கொள்வோம். உடலுக்குள் சென்றதும் அதன் ஒரு பகுதி சிப்ரோபுளொக்சசினாக மாறுகின்றது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றோட்டத்துக்கும் நமது வைத்தியசாலைகளில் எழுதப்படும் அதே சிப்ரோபுளொக்சசின்தான். கம்பைலோபக்டர் எனும் பற்றீரியா இதற்கு எதிர்ப்புப் பெற்று மனிதருக்குப் பரவுவதைக் கண்ட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டு கோழிகளுக்கு இம்மருந்தைக் கொடுப்பதைத் தடை செய்தது. வேறெந்த மருந்தும் பயனளிக்காத நோயாளிக்கு இறுதியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டினின் கதையும் இதுவே. அம்மருந்துக்கு எதிர்ப்பை ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகக் கடத்தும் மரபணு சீனாவில் கண்டறியப்பட்ட செய்தி 2015இல் வெளியானது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

மருந்துகளின் கை ஓய்ந்துவரும் இவ்வேளையில்தான் நூறாண்டுக்கு முந்திய ஒரு கண்டுபிடிப்பு மீண்டும் பேசப்படுகின்றது. பற்றீரியோபேஜ் என அறிவியலார் அழைக்கும் இதனைப் பற்றீரியா தின்னி எனத் தமிழிற் சொல்லலாம், சுருக்கமாகப் பேஜ். பேஜ் என்பது பற்றீரியாவை மட்டுமே தாக்கும் வைரசு. மனிதக் கலத்திலோ கோழியின் கலத்திலோ அது பெருகுவதில்லை. பற்றீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருத்தமான ஒரு பிடிமானம் கிடைத்தால் அதில் ஒட்டிக்கொண்டு, தனது மரபுப் பொருளை உள்ளே செலுத்துகின்றது. பல வகைகளில் அரை மணி நேரத்துக்குள்ளாகவே உள்ளே பல பத்துப் புதிய பேஜ்கள் உருவாகி, பற்றீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்தவற்றைத் தேடுகின்றன. மருந்து கொடுத்தால் நேரம் செல்லச் செல்ல அதன் அளவு உடலிற் குறையும். பேஜோ எதிரி இருக்கும்வரை பெருகி, எதிரி தீர்ந்ததும் தானும் குறைந்துவிடுகின்றது.

இக்கதையின் தொடக்கம் நமது அயலில்தான். ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராகப் பணியாற்றிய ஏர்னெஸ்ட் ஹான்கின் எனும் ஆங்கிலேயர், கங்கை, யமுனை ஆறுகளின் நீரில் வாந்திபேதிக் கிருமி விரைவில் மடிவதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அத்தன்மை அற்றுப்போவதையும் 1896இல் எழுதி வெளியிட்டார். அதற்குப் பேஜ்களே காரணமாக இருந்திருக்கலாம் எனப் பிற்காலத்தவர் கருதினர். 1915இல் இலண்டனில் பிரெடெரிக் ட்வோர்ட்டும் 1917இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பெலிக்ஸ் டெரெல்லும் வெவ்வேறாக இவற்றைக் கண்டறிந்தனர். பெயர் சூட்டியவர் டெரெல். அவர் தமது கண்டுபிடிப்பை முதன்முதலிற் களத்தில் பரீட்சித்தது கோழிகளில்தான் என்பது பலர் அறியாத செய்தி. 1919ஆம் ஆண்டில் பிரான்சின் கிராமங்களிற் கோழிகளைக் கொன்று குவித்த ஒருவகைச் சல்மனெல்லாத் தொற்றுக்கு எதிராக அவர் பேஜைப் பயன்படுத்தினார். பிள்ளைகளின் வயிற்றுளைவு நோய்க்கு அது கொடுக்கப்பட்டதும் அதே ஆண்டிலாகும். கோழிக்குப் பேஜ் என்பது நேற்று முளைத்த யோசனையன்று.

பின்னர் பென்சிலின் வந்தது. மேற்குலகம் பேஜை மறந்தது. ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் 1923இல் தொடங்கப்பட்ட நிறுவனம் மட்டும் விடாது அதனை வளர்த்தெடுத்தது. அதன் நிறுவுனர் ஜோர்ஜி எலியாவா 1937இல் ஸ்டாலினின் ஆட்சியில் கொல்லப்பட்டார். நிறுவனம் இன்றும் இயங்குகின்றது. மேற்குலகில் மீண்டும் இவ்விடயத்தைக் கையிலெடுத்தவர்கள் இங்கிலாந்தின் ஹூட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ் சிமித், ஹக்கின்ஸ் ஆகிய இருவருமாவர். ஈ.கோலி தொற்றிய எலிகளிலும் கன்றுகளிலும் ஆட்டுக் குட்டிகளிலும் பேஜ் பயனளிப்பதை அவர்கள் 1982, 1983ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளிற் காட்டினர்.

கோழிகளிற் கிடைத்த பெறுபேறுகள் எவ்வாறானவை என்பதே பண்ணையாளருக்கு வேண்டியது. இங்கு உற்சாகமும் ஏமாற்றமும் கலந்தே உள்ளன. 2007இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில் மூன்று வகைச் சல்மனெல்லாக்களுக்கு எதிராக மூன்று பேஜ்கள் கொடுத்துப் பார்க்கப்பட்டன. முட்டை மூலம் மனிதருக்குப் பரவுவதிற் பேர்போன என்ரெரிடிடிஸ் வகை கோழிக் குடலில் ஒரே நாளிற் பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. தைபிமூரியம் வகை நூறு மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தது. ஹடார் எனும் மூன்றாவது வகையில் ஒரு பயனும் கிட்டவில்லை. மூன்றும் சல்மனெல்லாதான், ஒன்றுக்குப் பொருந்தியது மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2005இல் கம்பைலோபக்டர் பற்றி வெளியிட்ட ஆய்விலும் குறைவு சில மடங்கிலிருந்து ஓர் இலட்சம் மடங்குவரை வேறுபட்டது. எந்தப் பேஜ், எவ்வளவு, எதனோடு கலந்து கொடுக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்தே எல்லாம் அமைந்தன. ஈ.கோலியினால் வரும் சுவாச நோய்க்கு அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் ஆய்வாளர்கள் பேஜைத் தெளித்தும் ஊசியால் ஏற்றியும் பார்த்தனர். நோய் பிடித்த பின்னர் காப்பாற்றியது ஊசிதான். ஆயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி ஏற்ற யாரால் முடியும்?

எனவே பேஜைப் பற்றி நாம் முதலிற் புரிந்துகொள்ள வேண்டியது அதன் குறுகிய இலக்கு. நுண்ணுயிர்க்கொல்லி வலை வீசுவது போன்றது. வலையில் நல்லதும் கெட்டதும் அகப்படும். பேஜ் தூண்டில் போன்றது. எந்த மீனுக்கு எந்த இரை என்று தெரியாதவர் கையில் அது வெறும் குச்சியே. குடலிலுள்ள நன்மை செய்யும் பற்றீரியாக்களைத் தொடாமல் விடுவது அதன் பெருஞ்சிறப்பு. நோய்க்கிருமியை இனங்காணாத இடத்தில் அது முற்றாகப் பயனற்றுப் போவது அதே சிறப்பின் மறுபக்கம். கடையிற் பொட்டலம் வாங்கித் தண்ணீரிற் கரைக்கும் நமது பழக்கத்துக்குள் பேஜும் வந்து சேருமாயின், காசு கரைவதைத் தவிர வேறொன்றும் நிகழாது.

வேறு சிக்கல்களும் உள. பற்றீரியா சும்மா இருப்பதில்லை; தனது பிடிமானத்தை மாற்றிக்கொண்டு பேஜையும் ஏமாற்றக் கற்றுக்கொள்கின்றது. அதனாற்றான் ஒன்றுக்குப் பதிலாகப் பல பேஜ்களைக் கலந்து கொடுப்பதும், கலவையைக் காலத்துக்குக் காலம் புதுப்பிப்பதும் வழக்கம். கம்பைலோபக்டரைப் பொறுத்தவரை, எதிர்ப்புப் பரவ அவகாசம் தராமல் அறுப்புக்கு ஓரிரு நாட்கள் முன்னதாகக் கொடுக்கலாம் என்ற யோசனையும் உண்டு. பேஜ்களிலேயே இரு இனங்கள் உள்ளன. ஒன்று உள்ளே புகுந்து உடைத்து வெளியேறுவது. மற்றொன்று பற்றீரியாவின் மரபுப் பொருளோடு ஒன்றித்து அமைதியாகத் தங்கிவிடுவது. இரண்டாவது இனம் ஆபத்தானது. வாந்திபேதியை உண்டாக்கும் நஞ்சின் மரபணுவே அத்தகைய ஒரு பேஜினாற் சுமந்து செல்லப்படுவதென 1996இல் நிறுவப்பட்டது. ஆகவே பேஜின் மரபணு வரிசையை முழுமையாக வாசித்துப் பார்க்காமல் எந்தக் கோழிக்கும் கொடுக்கலாகாது.

நமது தட்பவெப்பமும் கணக்கிலெடுக்க வேண்டியது. கோழியின் உடல் வெப்பநிலை 41 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. 37 பாகையில் ஆய்வுகூடத்தில் நன்கு வேலை செய்த பேஜ் கோழியின் குடலிலும் அவ்வாறே செய்யுமென்பதற்கு உத்தரவாதமில்லை. இரைப்பையின் அமிலம் பேஜைச் சிதைக்கும். குளோரின் கலந்த குழாய் நீரில் அது மடியும். வெயில் பட்டாலும் மடியும். குளிரூட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய திரவமொன்றைக் கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் தோப்பூருக்கோ புல்மோட்டைக்கோ கெடாமற் கொண்டு சேர்ப்பது எங்ஙனம் என்பதை முன்கூட்டியே சிந்திக்க வேண்டும்.

மாரிகாலத்தில் வேறொரு தொல்லை. கூட்டின் உமி நனைகின்றது. நனைந்த எச்சத்திலிருந்து அமோனியா எழுகின்றது. அது கோழியின் மூச்சுக் குழாயின் உட்பூச்சைப் புண்ணாக்குகின்றது. புண்பட்ட இடத்தால் ஈ.கோலி நுழைகின்றது. இக்கோழிக்கு நோய் கொடுத்தது பற்றீரியாவா, ஒழுகும் கூரையா? கூரையைத் திருத்தி, உமியைக் கிளறி மாற்றி, கூட்டுக்கு இடைவெளி விட்டால் பாதி நோய் வராது. பிரித்தானியாவில் 1980களின் இறுதியில் முட்டைகளில் சல்மனெல்லா எனப் பெரும் பீதி எழுந்தது. 1998இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றி, பண்ணைத் துப்புரவையும் இறுக்கியதால், 2017இல் அத்திட்டத்தின் முத்திரை பெற்ற முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் உண்ணலாமென அந்நாட்டு உணவுத் தராதர முகவரகம் அறிவித்தது. அங்கே பேஜ் தேவைப்படவில்லை. அழுக்கான கூட்டுக்குச் சாக்காகப் பேஜ் வருமாயின் அதனை வரவேற்க இக்கட்டுரையாளர் தயாரில்லை.

முஸ்லிம் வாசகர்கள் இயல்பாகவே எழுப்பக்கூடிய வினாவொன்றும் உண்டு. வைரசைத் தீனியிற் கலந்து உண்ட கோழி ஹலாலா? பேஜ்கள் நமது குடிநீரிலும் மண்ணிலும், நமது சொந்தக் குடலிலுங்கூடக் கோடிக்கணக்கில் ஏற்கெனவே உள்ளவை. கவனிக்க வேண்டிய இடம் வேறு. பேஜை உற்பத்தி செய்வதற்கு முதலிற் பற்றீரியாவை வளர்க்க வேண்டும். அதற்கான ஊட்டக் கரைசலில் சேர்க்கப்படும் புரதக் கூறுகள் பலவும் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட நொதியங்களைக் கொண்டு தயாரிக்கப்படுகின்றன; அவ்விலங்கு பன்றியாக இருப்பதும் சாதாரணம். சோயாவிலிருந்து பெறப்படும் மாற்று ஊட்டங்கள் சந்தையில் உள்ளன. இறக்குமதியாகும் கலவையொன்று எதில் வளர்க்கப்பட்டது என்று கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. முன்னர் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்த ஹலால் சான்றிதழ்ப் பணி 2014 முதல் தனியொரு சான்றளிப்பு நிறுவனத்திடம் உள்ளது. பேஜ் பண்டங்கள் வந்து இறங்கிய பின்னர் சர்ச்சைப்படுவதிலும், ஆலிம்களும் கால்நடை வைத்தியர்களும் இப்போதே ஒன்றாக அமர்ந்து இதனைப் பேசுவது நன்று. அறுக்கும் முறையில் மாத்திரமன்றி, உண்ணும் பொருள் தையிபாக, அதாவது தூயதாக இருப்பதிலும் மார்க்கம் அக்கறை காட்டுவதால், மருந்தெச்சம் நிறைந்த இறைச்சியைப் பற்றிய வினாவும் அதே அமர்வில் எழவேண்டியதே.

அப்படியானால் இம்மாவட்டம் எங்கே தொடங்குவது? பேஜைத் தேடுவதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பற்றீரியா எங்கே மிகுதியோ அங்கேதான் அதன் பகைவனும் மிகுதி. கிண்ணியாவிலோ கந்தளாயிலோ ஒரு கோழிக் கூட்டின் கழிவு வாய்க்காலிலிருந்து ஒரு போத்தல் நீர் எடுத்து, இலக்கான பற்றீரியாவோடு ஊட்டக் கரைசலில் ஓரிரவு வைத்து, நுண்வடியினூடாக வடித்து, அப்பற்றீரியா பரப்பிய தட்டில் துளித் துளியாக இட்டால், மறுநாள் காலையில் பேஜ் உள்ள இடங்கள் தெளிந்த வட்டங்களாகத் தெரியும். டெரெல் கண்டதும் இத்தகைய வட்டங்களையே. இதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வாக இது அமையலாம். மரபணு வரிசை வாசிப்பதற்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடம் போன்றவற்றின் துணையை நாடலாம்.

ஆயினும் அந்த இலக்கான பற்றீரியா எது என்பதை அறிய வேண்டுமே. செத்த கோழியை அறுத்துப் பார்த்து, மாதிரி எடுத்து, பற்றீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் எதற்கு அடங்காது என்று சொல்லும் வசதி பண்ணையாளருக்கு எட்டும் தூரத்தில் வேண்டும். நாட்டின் முதன்மையான கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையில் உள்ளது. ஐம்பது கோழி வளர்க்கும் மூதூர்ப் பெண்மணி ஒருவர் செத்த கோழியைப் பனிக்கட்டியில் வைத்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரம் அனுப்புவார் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகங்கள் மாதிரிகளைச் சேகரித்து, குறித்த நாட்களில் குளிர்ப்பெட்டியில் அனுப்பி, பெறுபேற்றைத் தொலைபேசியில் அறிவிக்கும் ஒழுங்கொன்றை உறுதிப்படுத்தினாலே போதும்; பேஜ் வருகிறதோ இல்லையோ, வீணாக ஊற்றப்படும் நுண்ணுயிர்க்கொல்லி உடனே குறையும். வளர்த்தெடுக்கப்பட்ட பற்றீரியாக்களை எறிந்துவிடாமல் உறைநிலையிற் சேமித்து வைத்தால், பிற்காலத்தில் பேஜ் தேடுபவருக்கு அதுவே முதலாகும்.

சட்டத்தின் பக்கமும் வெற்றிடமாக விடப்படலாகாது. அமெரிக்கா 2006இல் அனுமதித்த பேஜ் கலவை, உயிருள்ள கோழிக்கன்றி, உண்ணத் தயாரான இறைச்சிப் பண்டங்களின் மேல் லிஸ்டீரியாவுக்கு எதிராகத் தெளிப்பதற்கானது. போலந்து நிறுவனமொன்று கோழிகளின் சல்மனெல்லாவுக்கெனத் தயாரித்த கலவையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை தீனிச் சேர்க்கையாகக் கொண்டே மதிப்பிட்டது. நோய் தீர்க்கும் கால்நடை மருந்தாக வரும் பேஜ்களுக்கோ ஐரோப்பிய மருந்து முகவரகம் 2023இல் தனியான வழிகாட்டலை வெளியிட்டது. ஒரே பொருள் தெளிப்பாகவும் தீனியாகவும் மருந்தாகவும் மூன்று வாசல்களால் நுழையக்கூடும். இலங்கையில் தீனிக்கு 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீனிச் சட்டமும், கால்நடை மருந்துகளுக்கு 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டமும் உள்ளன. பேஜ் இவற்றுள் எதன் கீழ் வரும், அதன் புட்டியில் எந்தப் பற்றீரியாவுக்கானது என்பதும் எதில் வளர்க்கப்பட்டது என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டுமா, கால்நடை வைத்தியரின் சிட்டையின்றிக் கடையில் விற்கலாமா ஆகியவற்றைத் திணைக்களம் முதற் புட்டி துறைமுகத்தில் இறங்கும் முன்னரே தீர்மானித்து அறிவிப்பது அவசியமாகும்.